ஒரு பெட்டிக்கு ஒரே மெனு: சிறிய உட்பொதிந்த முறைமைக்கு அமைவு மெனு வடிவமைக்கும் வழி

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் கொழுந்தை வாட வைக்கும் மாடியில் (வாட்டு மாடி) நான் முதன்முதலாகப் பொருத்திய வெப்பக் கண்காணிப்புப் பெட்டியில், எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய வெப்ப எல்லை மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. உணரியை வாசிக்கும் நிரலில் ஒன்று, தொலைபேசியில் பார்க்கும் பக்கத்தில் ஒன்று, குறுஞ்செய்தி அனுப்பும் நிரலில் ஒன்று. மூன்றையும் எழுதியவன் நானே. எல்லையை 35 பாகையிலிருந்து 32 ஆக்கும்படி, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா கேட்டபோது, இரண்டு இடங்களில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிட்டேன். பக்கம் 32 என்று காட்டியது, மணியும் 32இல் அடித்தது. குறுஞ்செய்தி மட்டும் 35 ஆகும்வரை வாய் திறக்கவில்லை.

ஒற்றை அமைவு மெனு என்றவுடன் புதியவர்களுக்குத் திரையின் அழகுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒவ்வோர் அமைவும் ஒரே இடத்தில் மட்டும் குடியிருக்க வேண்டும் என்பதே அந்த மெனுவின் அடித்தளம். திரை அதன் மேல் கட்டப்படுவது. இப்படி ஒரே வேலைக்கென்று பெட்டிக்குள் பொருத்தப்படும் கணினியே உட்பொதிந்த முறைமை. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறிய பணிசெயல் முறைமை (இயங்குதளம்), அதாவது ஓப்பன்டபிள்யூஆர்டி, ஆல்பைன் போன்ற ஒன்று, ரவுட்டர் பலகையிலோ ராஸ்பெரி பையிலோ ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: கட்டும்போது தீர்மானிப்பதையும் ஓடும்போது மாற்றுவதையும் பிரியுங்கள்

லினக்ஸின் கருவான கர்னலைத் தொகுப்பதற்கு, அதாவது மூல நிரலை இயங்கும் வடிவமாக மாற்றுவதற்கு, முன் தோன்றும் நீலத்திரை மெனுவைப் பார்த்தவர்கள், அதைப் போலவே ஒன்றைச் செய்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. அந்த மெனு கேகான்ஃபிக் என்னும் அறிவிப்பு மொழியில் எழுதப்படுகிறது. ரோமன் சிப்பெல் உருவாக்கிய அது 2002ஆம் ஆண்டில் கர்னலின் 2.5.45 பதிப்போடு வந்தது, பின்னர் பிசிபாக்ஸ், யூ-பூட், செஃபிர் ஆகிய மென்பொருள்களும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் அங்கே நீங்கள் தெரிவுசெய்வது எந்த நிரல் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதைத்தான். தொகுத்து முடிந்த கணத்தில் அந்த மெனுவின் பணி முடிந்துவிடுகிறது. வெப்ப எல்லையை அங்கே வைத்தால், 32ஐ 33 ஆக்குவதற்கு முழு முறைமையையும் மீண்டும் தொகுத்துப் பெட்டியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேகான்ஃபிக்கிடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதன் பழக்கத்தை. ஓர் அமைவின் வகை, இயல்புநிலை மதிப்பு, அனுமதிக்கப்பட்ட வீச்சு, அது எதைச் சார்ந்திருக்கிறது, உதவிக் குறிப்பு ஆகிய அனைத்தும் அங்கே ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. இதை மூன்றாம் படியில் அப்படியே பின்பற்றப் போகிறோம்.

இரண்டாம் படி: இருக்கும் அமைவுகளையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள்

கணினியில் வேண்டாம், கொப்பியிலேயே எழுதுங்கள். அமைவின் பெயர், அது இப்போது எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை யார் மாற்றுவார், மாற்றினால் எந்தச் சேவையை மறுபடியும் தொடக்க வேண்டும் என நான்கு நெடுவரிசைகள் போதும். பெட்டியின் பெயர் ஒரு கோப்பில், வலையமைப்பு முகவரி இன்னொன்றில், வைஃபை கடவுச்சொல் மூன்றாவதில், நேர அட்டவணை நான்காவதில் என்று அவை சிதறிக் கிடப்பதை அப்போதுதான் கண்ணால் காண்பீர்கள். அந்தக் கோப்புகளின் இருப்பிடங்களும் நிலையானவையல்ல: ராஸ்பெரி பையின் தொடக்க அமைவுக் கோப்பு 2023இல் வந்த பதிப்பில் வேறொரு கோப்புறைக்கு இடம்பெயர்ந்தது, பழைய பாதையை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு நிரலாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

என் முதற்பெட்டியில் 41 அமைவுகள் தேறின. “இதை யார் மாற்றுவார்?” என்ற கேள்விக்கு விடை இல்லாதவற்றை வெட்டியபோது எஞ்சியவை 11. வெட்டியவை நல்ல இயல்புநிலை மதிப்புகளோடு நிரலுக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒரே அறிவிப்புக் கோப்பு

எஞ்சிய அமைவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதுங்கள். என் பெட்டியிலிருந்து ஒன்றை விரித்துக் காட்டுகிறேன். உள்ளகப் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி, ஒருபோதும் மாறாததாக இருக்கிறது. வகை, முழு எண். அலகு, செல்சியசு பாகை. இயல்புநிலை 35. வீச்சு 20 முதல் 45 வரை. தலைப்பு தமிழில் “உயர் வெப்ப எச்சரிக்கை”, அதற்கு இணையாகச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொன்று. மாற்றக்கூடியவர், இரவு வேலைப் பொறுப்பாளரும் அவருக்கு மேற்பட்டோரும். மாற்றினால் மறுபடி தொடக்க வேண்டியது, கண்காணிப்புச் சேவை மட்டும். உதவிக் குறிப்பு, “தொட்டிக்குள் போகும் காற்று இந்த அளவைத் தாண்டினால் மணி அடிக்கும், குறுஞ்செய்தியும் போகும்.”

இந்தப் பதிவிலிருந்துதான் திரையும் சரிபார்ப்பும் உதவிக் குறிப்பும் பிறக்க வேண்டும். தொலைபேசிப் பக்கத்துக்காக 45 என்ற மேல் எல்லையை இன்னோரிடத்தில் தட்டச்சிடுகிறீர்கள் என்றால், என் பழைய தவற்றுக்கு நீங்கள் வாசல் திறந்துவிட்டீர்கள்.

மதிப்புகளைச் சேமிப்பதற்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைவு ஏற்பாடான யூசிஐ நல்ல முன்மாதிரி. அம்முறைமையின் தொடக்க காலப் பதிப்புகள் அமைவுகளைத் தனியொரு நினைவகப் பகுதியில் பெயரும் மதிப்புமாக அடுக்கி வைத்தன. பின்னர் அவை ஒரே கோப்புறைக்குள், மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக மாறின. வலையமைப்புக்கு ஒரு கோப்பு, வைஃபைக்கு ஒரு கோப்பு, முறைமைக்கு ஒரு கோப்பு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கணம், ஒரே கட்டளை. பிற நிரல்கள் தங்களுக்கென்று வேறு வடிவத்தில் கோப்புக் கேட்டால், சேவை தொடங்கும்போது யூசிஐயிலிருந்து அது உருவாக்கப்படுகிறது. இந்த ஒழுங்கை நீங்கள் எந்த முறைமையிலும் கடைப்பிடிக்கலாம்: உருவாக்கப்பட்ட கோப்பின் முதல் வரியில் “இதைத் திருத்தாதீர்கள், அடுத்த முறை அழிந்துவிடும்” என்று எழுதி வையுங்கள், ஏனெனில் நள்ளிரவில் யாராவது திருத்துவார்கள், பெரும்பாலும் நீங்களே.

நான்காம் படி: கிளைகளைக் கோப்புகளின்படி வகுக்காமல் ஆட்களின்படி வகுத்தல்

வாட்டு மாடியிலுள்ள பெட்டிக்கு முன்னால் மூன்று பேர் வந்து நிற்கக்கூடும்: இரவு வேலையிலுள்ள டீமேக்கர், எலக்ட்ரீஷன், எப்போதாவது நீங்கள். டீமேக்கருக்குத் தேவையானது மெனுவின் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டும். வலையமைப்பு முகவரிகள் அவருடைய கண்ணிலேயே படத் தேவையில்லை. என் பெட்டியில் நான்கே கிளைகள் உள்ளன: வாட்டு மாடி, எச்சரிக்கை, இணைப்பு, பெட்டி. எந்த அமைவுக்கும் இரண்டு அடுக்குக்கு மேல் இறங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வரியிலும் தலைப்புக்குப் பக்கத்தில் தற்போதைய மதிப்பைக் காட்டுங்கள். “உயர் வெப்ப எச்சரிக்கை: 32 பாகை” என்று வெளியிலேயே தெரிந்தால், பார்ப்பதற்காக மட்டும் உள்ளே நுழைந்து தவறுதலாக எதையாவது அழுத்தும் ஆபத்துக் குறைகிறது. மெனுவில் மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தருவது இதுதான் என்பது என் கருத்து. தற்போது பொருந்தாத அமைவை முற்றாக மறைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை; மங்கலாகக் காட்டி, “குறுஞ்செய்தி நிறுத்தப்பட்டுள்ளதால் இது செயற்படாது” என்று காரணத்தைப் பக்கத்தில் எழுதினால், நேற்றிருந்த வரி இன்று எங்கே போனது என்று யாரும் உங்களைத் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.

பருவ அமைவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் (ஈரக்குமிழ்) சாதாரண வெப்பமானியும் (உலர்குமிழ்) காட்டும் வெப்பநிலைகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்தே கொழுந்து வாடுகிறது. பனிமூட்ட நாளில் அந்த இடைவெளி சுருங்கிவிடுவதால், மழைக்கும் வறட்சிக்கும் தனித்தனி எல்லைத் தொகுதிகள் தேவைப்படுகின்றன. நான் முதலில் அவற்றுக்கு மாதப் பெயர்களைச் சூட்டியிருந்தேன். டிம்புள்ளைப் பக்கத்தில் வறட்சி தை, மாசியை ஒட்டி வருகிறது. மலையின் மறுபுறத்தில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசுகிறது. ஒரே மெனுவை இருபுறமும் கொண்டுசென்றபோது மாதப் பெயர்கள் பொய்யாயின. இப்போது அவற்றின் பெயர்கள் “மழைத் தொகுதி”, “வறட்சித் தொகுதி” என்பவை மட்டுமே. எப்போது மாற்றுவது என்பதை அங்கிருப்பவர் வானத்தைப் பார்த்து முடிவுசெய்வார்.

ஐந்தாம் படி: தமிழ் எங்கே தெரியும், எங்கே தெரியாது

சீரியல் கம்பி வழியாகப் பார்க்கும் எழுத்துத்திரைக்கு விப்டெயில், டயலொக் ஆகிய சிறு நிரல்கள் உள்ளன; பின்னையதற்கும் அதே பெயருள்ள தொலைபேசி நிறுவனத்துக்கும் தொடர்பில்லை. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரையை மனத்தில் வைத்து வடிவமைத்தால் எங்கும் தவறாது. ஆனால் பெட்டியில் நேரடியாகத் திரையைச் செருகினால் தோன்றும் லினக்ஸ் கன்சோலில் தமிழை எதிர்பார்க்காதீர்கள். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களே இடம்பெறும் என்பதோடு, கொம்பை மெய்க்கு முன்னால் கொண்டுவந்து எழுதும் வேலையையும் அது செய்வதில்லை. ஆகையால் எழுத்துத்திரை மெனுவை எளிய ஆங்கிலத்தில் எலக்ட்ரீஷனுக்கும் உங்களுக்கும் விட்டுவிட்டு, தமிழ், சிங்கள மெனுவை உலாவி வழியாகக் கொடுங்கள். எழுத்தை வரையும் சுமையைக் கையடக்கத் தொலைபேசி ஏற்றுக்கொள்ளும். இரண்டு மெனுக்களும் ஒரே அறிவிப்புக் கோப்பிலிருந்தே பிறப்பதால் முரண்பாடும் வராது.

பயனர் தமிழில் எதையாவது தட்டச்சிடும் இடங்களில் நீளத்தை எழுத்தால் எண்ணாமல் பைட்டால் எண்ணுங்கள். வைஃபை பெயருக்கு நியமம் அனுமதிப்பது 32 பைட்டு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டை எடுத்துக்கொள்கிறது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். “தொழிற்சாலை” என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. குறியீடுகளோ பத்து, ஆகவே 30 பைட்டு. அதன் பின்னால் “1” என்று சேர்க்கலாம், “12” என்றும் சேர்க்கலாம், இன்னோர் எழுத்துக்கு இடமில்லை. இதைச் சரிபார்க்காத மெனு பெயரை நடுவிலே வெட்டி, தொலைபேசியில் கறுப்புக் கட்டமாகக் காட்டும். வைஃபை கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 வரையான ஆங்கில விசைப்பலகைக் குறிகள் மட்டுமே செல்லும் என்பதையும் அதைத் தட்டச்சிடும் கட்டத்துக்கு அருகிலேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: சேமிக்கும் நொடியில் மின்சாரம் போனால்

பிற்பகலில் இடி முழங்கினால் மின் போவது மலையகத்தில் எவருக்கும் புதினமன்று. “சேமி” என்று அழுத்திய அரை நொடியில் அது போகும் என்று எண்ணியே நிரலை எழுத வேண்டும்.

இருக்கும் கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதுவது முதல் தவறு. திறக்கும்போதே பழைய உள்ளடக்கம் வெட்டப்படுவதால், மின் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, பூச்சியம் பைட்டுக் கோப்பு ஒன்றே எஞ்சும். சரியான வரிசை இது: புதிய உள்ளடக்கத்தை வேறு பெயரில் எழுதுங்கள்; எஃப்சிங்க் அழைப்பால் அதைச் சேமிப்பகத்துக்குள் தள்ளி முடியும்வரை காத்திருங்கள்; அதன் பின் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நிகழ்வதால், எப்போது மின் போனாலும் முழுமையான பழையதோ முழுமையான புதியதோ இருக்கும். கடைசியாக, கோப்புறைக்கும் ஒரு எஃப்சிங்க் கொடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உள்ளது. தற்காலிகக் கோப்பை வழக்கம்போல டெம்ப் கோப்புறையில் எழுதி அங்கிருந்து நகர்த்துவார்கள். சிறிய முறைமைகளில் அக்கோப்புறை மின் போனால் அழியும் நினைவகத்தில் இருக்கிறது, அமைவுக் கோப்புறையோ மின் போனாலும் அழியாத ஃபிளாஷில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கோப்பு முறைமைகளாகையால், “நகர்த்தல்” என்பது அங்கே நகலெடுத்தலாகவும் அழித்தலாகவும் மாறி, ஒரே வீச்சு என்ற உறுதி காணாமற்போகிறது. தற்காலிகக் கோப்பை இறுதிக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையிலேயே எழுதுங்கள்.

முந்தைய நல்ல கோப்பின் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எழும்போது முதற்கோப்பு வாசிக்க முடியாததாயின் பிரதி, அதுவும் கெட்டிருந்தால் இயல்புநிலை என்ற வரிசையில் இறங்கலாம். ஆனால் எதைக் கொண்டு ஓடுகிறது என்பதை முதற்பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மௌனமாக இயல்புநிலைக்குத் திரும்பும் பெட்டி, பழுதாகி நிற்கும் பெட்டியை விட ஆபத்தானது.

மாற்றியதும் சேமித்ததும் ஒன்றல்ல என்ற முறைமைகளும் உண்டு. யூசிஐயில் மாற்றங்கள் முதலில் நினைவகத்தில் காத்திருந்து, உறுதிசெய்யும் கட்டளைக்குப் பின்னரே ஃபிளாஷுக்குப் போகின்றன; ஆல்பைனை நினைவகத்தில் ஓட்டினால் எல்பியூ கட்டளையால் உறுதிசெய்யாத எதுவும் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் மெனு அதை மறைக்கக்கூடாது: “3 மாற்றங்கள் இன்னும் சேமிக்கப்படவில்லை” என்ற வரி மேலே நிற்கட்டும், அதை அழுத்தினால் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் பக்கம் பக்கமாகத் தெரியட்டும்.

ஏழாம் படி: கதவை உள்ளிருந்து பூட்டிவிடாதீர்கள்

அட்டனிலிருந்தபடியே, மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துப் பெட்டியின் முகவரியை மாற்றும்போது, அங்கே இணைய ரவுட்டர் பயன்படுத்திய 192.168.1.1 என்ற அதே முகவரியை நான் கொடுத்துவிட்டேன். பெட்டியும் போனது, இணைப்பும் போனது. மறுநாள் காலை பஸ் பிடித்து, அதன் பிறகு மழையில் நடந்து ஏறி, கம்பியைச் செருகி ஒரே ஓர் எண்ணைத் திருத்திவிட்டு இறங்கினேன்.

வலையமைப்பைத் தொடும் மாற்றங்களுக்கு மட்டுமாவது மீளும் ஏற்பாடு வேண்டும். மாற்றத்தைச் செயற்படுத்துவதற்கு முன்னர், பழைய கோப்பைப் பாதுகாத்து, உலாவியைச் சாராமல் தனித்து ஓடும் ஒரு நேரக்கணிப்பானைத் தொடக்குங்கள். குறித்த நேரத்துக்குள் உறுதிப்பாடு வராவிடில் அது பழையதை மீட்டுச் சேவையை மறுபடி தொடக்கும். உலாவியில் திறக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைவுப் பக்கமான லூசி இவ்வாறே செய்கிறது. ஜூனிப்பர் ரவுட்டர்களில் இதற்கான இயல்புநிலைக் காத்திருப்பு 10 நிமிடம். உறுதிப்பாடு புதிய முகவரி வழியாகத்தான் வர வேண்டும் என்பதை மறவாதீர்கள்; பழைய இணைப்பின் மீது வரும் “சரி” எதையும் நிரூபிக்காது. இதற்கும் அப்பால் ஒரு கடைசி வாசலாக, தொடங்கும்போது பொத்தானை அழுத்தினால் அமைவுகளை வாசிக்காமல் எழும் பாதுகாப்பு நிலை இருக்கட்டும்.

எட்டாம் படி: இயல்புநிலை மதிப்புகள்

பயனர் எதையும் தொடாமலே பெட்டி பயன்பட வேண்டும். இங்கே இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

ஒன்று, நேரம். மெனுவில் “கொழும்பு” என்ற பெயரையே காட்டுங்கள், எண்ணைக் கேட்காதீர்கள். இலங்கையின் நேரம் 1996இல் இருமுறை மாறி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற நிலைக்கு வந்தது என்பதால், இடப்பெயரே பழைய பதிவுகளுக்கும் சரியான விடை தரும். உள்ளே நேர வலயத்தை எழுதும் போசிக்ஸ் என்னும் நியம வடிவத்தில் கூட்டல், கழித்தல் குறி தலைகீழாக இருக்கும்: கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் நமக்கு அங்கே −5:30 என்று வரும். இதைத் தவறென்று எண்ணித் “திருத்தி”, விசிறியைப் பதினொரு மணி நேரம் பிந்தி ஓடவிட்ட ஒரு மாணவரை எனக்குத் தெரியும். மேலும், பல ரவுட்டர் பலகைகளிலும் பழைய ராஸ்பெரி பைகளிலும் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின் வந்தவுடன் அவை பழைய நேரத்தோடு எழும். இணையத்திலிருந்து நேரம் கிடைக்கும்வரை நேர அட்டவணையை நிறுத்திவைக்கும் அமைவை இயல்பாகவே செயலில் வையுங்கள்.

மற்றொன்று, உணரி. பரவலாகக் கிடைக்கும் டிஎஸ்18பி20 உணரி, மின் பெற்று முதல் அளவீட்டை முடிக்கும்வரை 85 பாகை என்றே சொல்லும். மின் வந்த ஒவ்வோர் இரவிலும் “தம்பி, பெட்டி 85 காட்டுது, மாடி பத்திக்கிச்சா?” என்று அழைப்பு வந்த பிறகுதான் நான் தரவுத்தாளை ஒழுங்காக வாசித்தேன். 85 என்ற முதல் வாசிப்பைப் புறக்கணிப்பது நிரலின் வேலை; அதை மெனுவில் ஓர் அமைவாக வைக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: சோதனை

அமைவுக் கோப்புக்குப் பதிப்பு எண் இட்டு, முறைமையைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்பை ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். பின்னர், சேமித்துக்கொண்டிருக்கும்போதே செருகியைப் பிடுங்குங்கள். ஐம்பது முறை பிடுங்குங்கள், ஒவ்வொரு முறையும் எழுந்த பெட்டி எந்தக் கோப்பைக் கொண்டு எழுந்தது என்பதைச் சீ.ஆர். கொப்பியில் குறியுங்கள்.

இறுதியாக, தொலைபேசியை டீமேக்கரிடம் கொடுத்து, “எல்லையை 33 ஆக்குங்கள் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்தத் தலைப்பை மாற்ற வேண்டும். என் மெனுவில் கேட்வே என்பதை அகராதியைப் பார்த்து “நுழைவாயில்” என்று எழுதியிருந்தேன். “இது ஸ்டோரு கேட்டா, தம்பி? அத வாச்சர்தானே பூட்டுவார்?” என்று அவர் கேட்டார். அந்த வரியில் இப்போது “இணைய ரவுட்டரின் முகவரி” என்று இருக்கிறது. அது “இணைப்பு” என்ற கிளைக்குள், அவர் கண்ணில் படாத இடத்துக்கும் போய்விட்டது.